நோட்டில் ஏறாத பழத்துண்டுகள்

என் மனைவியை மண்டியில் எல்லாரும் நாக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் யார் என்று இன்றுவரை தெரியாது. மொத்தப் பழ மண்டியில் இருபத்தாறு வருஷமாக அவளுக்கு ஒரே வேலை, பழத்தைச் சுவைத்துப் பார்த்து வாங்குவது. இரண்டு ஓட்டல்கள், ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறை, நாலு ஜூஸ் கடைகள், இத்தனை பேருக்கும் அன்றைக்கு எந்தப் பழம் போக வேண்டும் என்பதை அவள் நாக்குதான் தீர்மானிக்கும். அவள் சரியென்றால் பெட்டி வண்டியில் ஏறும். இல்லையென்றால் கிடந்த இடத்திலேயே கிடக்கும்.

நான் தராசு மெக்கானிக். மளிகைக் கடைத் தராசிலிருந்து மூட்டை நிறுக்கும் மேடைத் தராசுவரை எல்லாவற்றையும் கழற்றிப் பூட்டுவேன். என்னைப் பொறுத்தவரை உலகத்தில் எந்தக் கணக்கும் சும்மா தப்பாது. தப்பினால் எங்கேயோ ஒரு திருகு தளர்ந்திருக்கிறது, தேடினால் கிடைக்கும். இந்தக் குணத்தால் தொழிலில் எனக்கு நல்ல பெயர். வீட்டில் கிடையாது.

போன வருஷம் அவள் நூற்றுப் பதினெட்டு கிலோ இருந்தாள். மண்டி முழுக்க சிமெண்ட் தரை. காலையில் நாலு மணி நேரம் வரிசை வரிசையாக நடக்க வேண்டும். இரண்டு முட்டியும் தேய்ந்து போயின. வலது முட்டியை மாற்றியே ஆக வேண்டும் என்றார் எலும்பு டாக்டர். ஆனால் எண்பது கிலோவுக்குக் கீழே வந்தால்தான் கத்தியை எடுப்பேன் என்று சொல்லிவிட்டார். பட்டினி கிடந்து பார்த்தாள், நடந்து பார்த்தாள், வலிதான் மிச்சம். கடைசியில் எடை குறைக்கும் ஆபரேஷன் செய்துகொண்டாள். இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது ஒரு வாழைக்காய் அளவுக்கு இருக்கும் என்று டாக்டர் கையில் காட்டினார்.

ஐந்தே மாதத்தில் முப்பது கிலோ இறங்கினாள். எனக்கே நம்ப முடியவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை தராசைச் சோதித்துக்கொண்டே இருந்தேன்.

சாப்பாட்டுக் கணக்கு சொல்லிக் கொடுக்க ஆஸ்பத்திரியில் ஒரு டயட்டீஷியன் பெண் இருந்தாள். எங்கள் மகள் வயசு, குரல் மட்டும் தலைமையாசிரியை குரல். முதலில் புரதம், அப்புறம் காய், பழம் என்றால் அளந்துதான். ஒரு நாளைக்குப் பழத்திலிருந்து பதினைந்து கிராம் மாவுச்சத்து, அதற்கு மேல் கூடாது. ஜூஸ் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கக் கூடாது. சர்க்கரையும் மாவுச்சத்துக் கணக்கில்தான் சேரும் என்று சொல்லி ஒரு பட்டியலைக் கொடுத்தாள். நூறு கிராம் வாழைப்பழத்தில் இருபத்திரண்டு, ஆப்பிளில் பதினாலு, ஆரஞ்சில் பன்னிரண்டு, தர்பூசணியில் எட்டு.

என் மனைவி பட்டியலை மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தாள். "எந்த வாழைப்பழம்?" என்றாள்.

"சாதாரண வாழைப்பழம்தாம்மா."

"சாதாரணம்னு ஒரு பழமே கிடையாதும்மா. பச்சை மாறாததா, மஞ்சளா, புள்ளி விழுந்ததா? புள்ளி விழுந்தது தேனா இனிக்குமே, ரெண்டுக்கும் எப்படி ஒரே நம்பர் போடறீங்க?"

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். "நல்ல கேள்விம்மா. காயா இருக்கும்போது மாவா இருந்தது பழுத்ததும் சர்க்கரையா மாறும். உங்க நாக்குக்கு வித்தியாசம் தெரியும். ஆனா மொத்தம் ஏறக்குறைய அதேதான்."

"அப்போ நாக்கு பொய் சொல்லுதா?"

"பொய் சொல்லலைம்மா. அது வேற கணக்கு பாக்குது."

என் மனைவிக்கு இந்தப் பதில் பிடித்துப்போனது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதைப் பற்றியே பேசினாள். தர்பூசணி அவ்வளவு இனிக்கிறதே, அதில் எப்படி எட்டுதான்? தண்ணீர் ஜாஸ்தி என்பதாலா? எலுமிச்சையில் எவ்வளவு இருக்கும்? இத்தனை வருஷம் பழத்தை வாயில் போட்டவள், அதற்குள் என்ன இருக்கிறது என்று இப்போதுதான் முதல் முறையாகக் கேட்கிறாள். எனக்கும் அந்த ஆர்வம் தொற்றிக்கொண்டது. அரை கிராம்வரை துல்லியம் காட்டும் சின்னத் தராசு ஒன்றைக் கடையிலிருந்து கொண்டுவந்து சமையல் மேடையில் வைத்தேன். மகள் ஒரு நோட்டு வாங்கிக் கட்டம் போட்டுக் கொடுத்தாள்.

முழு ஆரஞ்சை நிறுப்பேன். உரித்த பிறகு தோலை நிறுப்பேன். கொட்டையை நிறுப்பேன். சுளை எவ்வளவு என்று கழித்து வருவேன். தோல் மட்டும் கால் பங்குக்கு மேல் என்று தெரிந்த அன்று நான் குதித்த குதியைப் பார்த்து மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பா, சுளையை மட்டும் எடுத்து நேரா நிறுத்தா முடிஞ்சுது. அதுக்கு ஏன் மூணு தடவை?" என்றாள். அவளுக்கு என்ன தெரியும், கழித்துப் பார்க்கும் சுகம்!

மாலை ஐந்து மணிக்குப் பழத்தட்டு. அவளுக்கு ஒரு நாள் ஆரஞ்சு நூற்று இருபது கிராம், ஒரு நாள் ஆப்பிள் நூறு கிராம். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டாக எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு மென்று, அரை மணி நேரம் சாப்பிடுவாள். அந்த நேரத்தில் போன் அடித்தால்கூட எடுக்க மாட்டாள்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது எண்பத்தெட்டில் முள் நின்றது.

ஒரு வாரம் பார்த்தோம். எண்பத்தெட்டு. இரண்டாவது வாரம் எண்பத்தெட்டு புள்ளி இரண்டு. நடுவில் இப்படி நிற்பது சகஜம், பயப்படாதீர்கள் என்றாள் டயட்டீஷியன். ஆறாவது வாரம் அவளே நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். எட்டாவது வாரம் அவள் நெற்றியிலும் கோடு விழுந்துவிட்டது. இதற்கு நடுவில் ஓட்டல்காரர் ஒருவர் என் மனைவியிடம், "உங்களால நடக்க முடியலைன்னா சொல்லிடுங்கம்மா, வேற ஆள் பாத்துக்கறோம்" என்று ரொம்ப மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்து முட்டியில் ஐஸ் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். முட்டி மாற்றவில்லை என்றால் மண்டி இல்லை. மண்டி இல்லாமல் அவளை எனக்கு நினைத்துப் பார்க்கவே தெரியாது. கல்யாணம் ஆன மறுவாரமே வேலைக்குப் போனவள் அவள்.

நான் முதலில் தராசைச் சந்தேகப்பட்டேன். எடைக்கல் வைத்துச் சோதித்தேன். சுத்தமாக இருந்தது. அடுத்ததாக, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவளைச் சந்தேகப்பட்டேன்.

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. தினமும் காலையில் யாருக்கும் தெரியாமல் அதை நிறுத்துக் குறித்துவைத்தேன். நாலு நாளில் நூற்றுப் பத்து கிராம் குறைந்திருந்தது. ஐந்தாம் நாள் டப்பாவைக் கொண்டுபோய் மேசை மேல் டக்கென்று வைத்தேன்.

"இது என்ன?" என்றேன்.

"பிஸ்கட் டப்பா," என்றாள்.

"நூத்திப் பத்து கிராம் குறையுது."

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் முகம் சிவந்துவிட்டது. "என்னை வேவு பாக்கறீங்களா? வயித்தை அறுத்துக்கிட்டவ நான். நோட்டுல எழுதாம ஒரு துணுக்கு இந்த வாய்ல போனதில்ல. தெரியுமா உங்களுக்கு?"

"அப்போ இது எங்க போச்சு? காத்துல கரைஞ்சுதா?"

"நான்தான்பா தின்னேன்," என்று உள்ளறையிலிருந்து மகள் குரல் வந்தது. "பரீட்சைக்குப் படிச்சா பசிக்காதா? அதுக்குன்னு டப்பாவையெல்லாம் நிறுக்கற வீடு ஊர்லயே இது ஒண்ணுதான்."

அன்றிலிருந்து மூன்று நாள் என் மனைவி என்னிடம் பேசவில்லை. சோறு வைத்தாள், பேச்சை வைக்கவில்லை. எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் மண்டைக்குள் அந்தக் கேள்வி குடைந்துகொண்டேதான் இருந்தது. தராசு சரி. நோட்டு சரி. அவளும் பொய் சொல்லவில்லை. பின்னே எங்கிருந்துதான் வருகிறது?

நாலாம் நாள் மண்டியிலிருந்து எனக்கு அழைப்பு. ஒரு மேடைத் தராசு திக்குகிறதாம். நான் அங்கே வேலைக்குப் போனால் வழக்கமாக மதியம் போவேன், கூட்டம் இருக்காது. அன்றைக்கு அவசரம் என்றதால் விடிந்ததும் போனேன். தராசைக் கழற்றிப் போட்டுக்கொண்டு குந்தியிருந்தபோது, எதிர் வரிசையில் என் மனைவி வந்தாள். கையில் சின்னக் கத்தி, தோளில் பை, சாய்ந்து சாய்ந்து நடை. பேரிக்காய்க்காரர் ஒரு துண்டை நீட்டினார். வாயில் போட்டாள். மென்றாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. விழுங்கினாள். பேரிக்காய்க்காரர் நிம்மதியாகத் தன் தோள்துணியை உதறிப் போட்டுக்கொண்டார்.

அடுத்து ஆப்பிள். விழுங்கினாள். அடுத்து பப்பாளி. விழுங்கினாள்.

என் கையிலிருந்த திருப்புளி கீழே விழுந்தது.

இதில் சிரிப்பு என்னவென்றால், இது எனக்கு இருபத்தாறு வருஷமாகத் தெரியும். ஊருக்கே தெரியும். அவள் பெயரே அதுதான். ஆனால் அதை யாராவது சாப்பாடு என்று நினைத்தோமா? மகள் நினைக்கவில்லை, நான் நினைக்கவில்லை. டயட்டீஷியன் "என்ன வேலை பாக்கறீங்க" என்று கேட்டபோது "பழம் வாங்கறது" என்றுதான் இவள் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் ஏதோ கடைக்குப் போய் வாங்குவது என்று நினைத்துக்கொண்டாள்.

வேலையை அப்படியே போட்டுவிட்டு அவள் பின்னாலேயே போனேன். ஒரு துண்டு வாயில் போகும்போதெல்லாம் கையில் ஒரு கோடு கிழித்தேன். கடைசி வரிசை முடிந்தபோது முப்பத்தேழு கோடு. ஒவ்வொரு கடையிலும் அதே மாதிரி ஒரு துண்டு வெட்டச் சொல்லி, தொழிலுக்காகப் பாக்கெட்டில் வைத்திருக்கும் இன்னொரு சின்னத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். சராசரி பதினோரு கிராம். மொத்தம் நானூற்று ஏழு.

வெளியே டீக்கடைப் பெஞ்சில் அவளை உட்காரவைத்தேன்.

"இன்னைக்கு என்ன சாப்பிட்டே?"

மூன்று நாள் கழித்து நான் பேசும் முதல் வார்த்தை இதுவா என்பதுபோல் முறைத்தாள். "ஒரு முட்டை. மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களா?"

"பழம்?"

"பழம் சாயங்காலம்தானே."

கையை நீட்டிக் கோடுகளைக் காட்டினேன். "நானூத்தி ஏழு கிராம் பழம் தின்னிருக்கே. அம்பது கிராம் மாவுச்சத்து. உன் அளவைப் போல மூணு பங்குக்கு மேல."

"எப்போ?" என்றாள். சத்தியமாக, அவளுக்குத் தெரியவில்லை.

"இப்போதான்! மண்டியில!"

"ஐயோ, அது வேலைங்க!" என்றாள் பட்டென்று. சொன்ன பிறகு வாயில் கை வைத்துக்கொண்டாள். நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சில நாள் காலையில் மண்டிக்குள்ளேயே படபடவென்று வந்து வியர்த்துக் கொட்டுமாம், வெக்கை என்று நினைத்துக்கொள்வாளாம். அதையும் அன்றைக்குத்தான் சொன்னாள். வெட்டின இரைப்பைக்குள் அத்தனை சர்க்கரை ஒரேயடியாகப் போனால் அப்படித்தான் வரும் என்று பிறகு தெரிந்தது.

அன்று மதியமே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொன்னோம். கேட்டுவிட்டு டயட்டீஷியன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். "தினமும் முப்பத்தேழு துண்டா?" என்று மூன்று தடவை கேட்டாள். பிறகு, "சரி, பரவாயில்லை, மென்னு பாத்துட்டுத் துப்பிடுங்க. டீ சுவைக்கறவங்க அப்படித்தான் பண்றாங்க," என்றாள்.

"துப்பறதா?" என் மனைவி என்னைப் பார்த்தாள். "இவளுக்கு எப்படிச் சொல்றது?" என்று கேட்கிற பார்வை.

மண்டியில் துப்புவது என்றால் லேசுப்பட்ட விஷயம் இல்லை. அங்கே வாய்ப் பேச்சுக்கு மதிப்பே கிடையாது. வாங்குகிறவர் விலையைக் குறைக்கச் சுமார் என்பார், விற்கிறவர் ஏற்றத் தேன் என்பார். எல்லாம் பேரம். அதனால் எல்லாரும் பார்ப்பது தொண்டையைத்தான். என் மனைவி விழுங்கினால் பழம் நல்லது. துப்பினால் அந்த லாட், அதாவது ஒன்றாக வந்து இறங்கிய அத்தனை பெட்டியும், அன்றைக்குச் செத்தது. பக்கத்துக் கடைக்காரர், மற்ற வாங்குகிறவர்கள், எல்லாரும் அவள் தொண்டை மேல் கண் வைத்திருப்பார்கள். பெரிய ஆள்தான் என் வீட்டுக்காரி.

ஆனாலும் வேறு வழி தெரியவில்லை. மறுநாள் காலை வரிசையின் நடுவில் நின்று சத்தமாகச் சொன்னாள். "எல்லாரும் கேட்டுக்கோங்க. எனக்கு உடம்புக்கு ஆகாது. இனிமே நல்ல பழமா இருந்தாலும் துப்பத்தான் துப்புவேன். நல்லதா கெட்டதான்னு வாயால சொல்லிடறேன்." எல்லாரும் தலையை ஆட்டினார்கள். நானும் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நின்றேன், முட்டி வலித்தால் உட்காரவைக்க.

முதல் கடை ஆரஞ்சுக்காரம்மாவுடையது. சொந்தத் தோட்டம், தனி ஆள், வாரத்துக்கு இரண்டு தடவைதான் வருவாள். நாற்பது பெட்டி அடுக்கியிருந்தாள். ஒரு சுளையை நீட்டினாள். என் மனைவி மென்றாள், கையிலிருந்த டப்பாவில் துப்பினாள். "அருமையான பழம். பத்துப் பெட்டி எடுத்துக்கறேன்," என்றாள்.

மறுபடியும் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ஆனால் எதிரில் நின்ற இரண்டு பேர் மெல்ல நகர்ந்து அடுத்த கடைக்குப் போனார்கள். பின்னால் வந்தவரும் நின்று பார்த்துவிட்டுப் போனார். ஒரு மணி நேரம் கழித்து நாங்கள் திரும்பி வந்தபோது முப்பது பெட்டியும் அப்படியே இருந்தன. ஆரஞ்சுக்காரம்மா பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, என் பழத்தை ஏன்க்கா துப்பினீங்க?"

"நல்லாருக்குன்னு சொன்னேனேம்மா."

"சொன்னீங்க. யாரு கேட்டா? பாத்ததை மறப்பாங்களா?"

என் மனைவி அந்த இடத்திலேயே ஒரு பழத்தை எடுத்து உரித்தாள். எல்லாரும் பார்க்கும்படி இரண்டு சுளையைப் போட்டு மென்று, கழுத்தை நிமிர்த்தி விழுங்கினாள். அதன் பிறகுதான் ஆள் வர ஆரம்பித்தது. அதற்குள் வெயில் ஏறிவிட்டது, பாதிக்குப் பாதி பெட்டிகள் மிஞ்சிவிட்டன. அந்த அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வீட்டுக்கு வந்ததும் துப்பின டப்பாவைக் குப்பைக் கூடையில் போட்டாள் என் மனைவி. "அடுத்தவங்க பொழப்பு மேல துப்பி நான் இளைக்க வேண்டாம்," என்றாள்.

"அப்போ முட்டி?" என்றேன்.

நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அரை மணி நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டு, ஒரு ஆப்பிளை வெட்டித் தராசில் வைக்கச் சொன்னாள். பதினோரு கிராம் துண்டு. அதைப் பாதியாக்கச் சொன்னாள். வாயில் போட்டுக் கண்ணை மூடினாள்.

"போதும்," என்றாள். "நாக்குக்கு இவ்வளவு போதும். மிச்சம் இத்தனை வருஷமா தொண்டைக்குத்தான் போயிருக்கு."

ஐந்து கிராம் துண்டு. பதினைந்து கிராம் மாவுச்சத்துக்குள் இருபத்து நாலு துண்டு அடங்கும். நான் கணக்குப் போட்டுச் சொன்னதும் எனக்கே சந்தோஷம் தாங்கவில்லை. உடனே கடைக்குப் போய், தகரத்தில் சின்னதாக ஒரு சட்டம் வெட்டிக் கொண்டுவந்தேன். அதற்குள் நுழையும் துண்டு ஐந்து கிராமுக்கு மேல் போகாது. தர்பூசணியை வைத்துப் பார்த்தோம், பேரிக்காயை வைத்துப் பார்த்தோம். திராட்சைக்குச் சட்டமே வேண்டாம், ஒரு பழம்தான். முப்பத்தேழு லாட்டில் பதிமூன்றை மூக்காலும் விரலாலும் பார்த்தே கழித்துவிடலாம் என்றாள். எல்லாம் சரியாக வந்தது.

நோட்டை எட்டிப் பார்த்த மகள்தான் கேட்டாள். "இருபத்தி நாலும் மண்டிக்கே போயிடுச்சுன்னா, சாயங்காலத் தட்டு?"

"அது இல்ல," என்றாள் அவள் அம்மா, சாதாரணமாக.

மறுநாள் ஐந்து மணிக்கு நான் வீட்டில் இருந்தேன். அவள் வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். முன்னால் தட்டு இல்லை. மேசைத் துணியின் ஓரத்தை நீவி நீவி விட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"என்னம்மா? தினமும் பழத்துக்கு நடுவுலதானே நிக்கறே? இங்க ஒரு தட்டு போனா என்ன இப்போ?"

"உங்களுக்குப் புரியாது."

"சொன்னாத்தானே புரியும்."

மேசைத் துணியிலிருந்து கையை எடுத்தாள். "அங்க நான் பழம் சாப்பிட்டதே இல்லைங்க. குறை இருக்கான்னு தேடுவேன். புளிப்பு எங்க, நார் எங்க, அழுகல் எங்கன்னு. இனிக்கும்போதுகூட எத்தனை நாள் தாங்கும்னுதான் ஓடும் மனசு. இருபத்தாறு வருஷம் அப்படி. இந்த நோட்டு வந்தப்புறம்தான் உக்காந்து எனக்குன்னு ஒரு பழம் தின்னேன். ஆரஞ்சுல இப்படி ஒரு வாசனை இருக்குன்னு இப்போதான் கவனிச்சேன்." சிரிக்கப் பார்த்தாள். "அம்பது வயசுல."

பிஸ்கட் டப்பாவை நிறுத்த நாள் ஞாபகம் வந்து என்னை நானே அறையலாம் போலிருந்தது. ஐந்து மணித் தட்டை நான் அவள் பத்தியம் என்றுதான் நினைத்திருந்தேன். அவளுக்கு அது விருந்தாக இருந்திருக்கிறது.

"இருபத்தி மூணு துண்டுல மண்டியை முடிக்க முடியாதா?" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒண்ணு உனக்கு. அஞ்சு கிராம்தான். ஆனா உன்னுது."

விரல் விட்டு எண்ணினாள், உதட்டைப் பிதுக்கினாள், மறுபடி எண்ணினாள். "பேரிக்காய்க்காரர் எப்பவும் ரெண்டு லாட் வெப்பாரு. ஒண்ணைக் கையால பாத்தே கழிச்சிடலாம்," என்றாள். அப்படி முடிவானது.

மண்டிக்காரர்கள் தகரச் சட்டத்தைப் பார்த்து முதல் வாரம் சிரித்தார்கள். "நாக்கம்மா, எறும்புக்கா வெட்டச் சொல்றீங்க?" என்றார் திராட்சைக்காரர். ஆனால் ஒரு நாளைக்கு இருபத்து மூன்று லாட்தான் என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது. அவள் வாய்க்குள் போவதற்கே போட்டி வந்துவிட்டது. சுமாரான பழத்தை அவளிடம் நீட்டவே யோசித்தார்கள். அவளும் ஒவ்வொரு துண்டுக்கும் நோட்டில் ஒரு கோடு கிழித்தாள். எண்பத்தெட்டில் நின்ற முள் ஏழாம் நாள் எண்பத்தேழு புள்ளி நாலைக் காட்டியது. நான் எடைக்கல்லை எடுக்கப் போனேன். "தொட்டீங்கன்னா கையை ஒடிப்பேன்," என்றாள்.

நாலு மாதம் ஆனது. எழுபத்தொன்பது புள்ளி ஆறு. எலும்பு டாக்டர் தராசைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், நாட்காட்டியைப் புரட்டி ஒரு தேதியில் வட்டம் போட்டார். ஆறு வாரம் ஓய்வு, அதற்குப் பிறகு மண்டிக்குப் போகலாம் என்றார். ஓட்டல்காரர் போனில், "எத்தனை வாரம் ஆனாலும் காத்திருக்கோம்மா," என்றார். ஆளே மாறிவிட்டார்.

அடுத்த நாள் காலை நாங்கள் மண்டியை முடித்துக் கிளம்பும்போது ஆரஞ்சுக்காரம்மா ஓடி வந்தாள். வழியில் வண்டி பஞ்சராம், அப்போதுதான் பெட்டிகளை இறக்கியிருக்கிறாள். கூட்டம் கலைய ஆரம்பித்திருந்தது. கையில் ஒரு சுளை. சட்டத்தின் அளவுக்கே வெட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு."

என் மனைவி நோட்டைப் பார்த்தாள். இருபத்து மூன்று கோடு.

"இன்னைக்கு முடிஞ்சுதும்மா."

"இருபத்தி நாலு வரைக்கும் போலாம்னு நீங்கதானே ஒரு நாள் சொன்னீங்க? ஒண்ணு பாக்கி இருக்கே. தேதிகூடக் குடுத்துட்டாங்கன்னு சொன்னாங்க. இதுக்கப்புறம் ஒரு சுளையில என்னக்கா ஆயிடப் போகுது?"

நியாயமான கேள்விதான். அந்த அம்மாவுக்கு நாங்கள் பட்ட கடன் எனக்கு மறக்கவில்லை. வாங்கிக்கொள் என்று கண்ணாலேயே சொன்னேன். சுற்றி நின்ற நாலைந்து பேர் என் மனைவியின் தொண்டையைப் பார்க்கத் தயாராக நின்றார்கள்.

அவள் ஒரு பெட்டியைத் திறந்தாள். ஒரு பழத்தை எடுத்து மூக்கருகே வைத்து இழுத்தாள். உள்ளங்கையில் உருட்டினாள். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "இருபது பெட்டி எனக்கு ஏத்திடு," என்றாள். வாயில் போடாமல் அவள் வாங்கி இதுவரை நான் பார்த்ததில்லை. மண்டியும் பார்த்ததில்லை. பின்னால் நின்ற ஒருவர் அவசரமாக, "எனக்கு எட்டு," என்றார்.

ஆரஞ்சுக்காரம்மா சுளையை இன்னும் நீட்டிக்கொண்டுதான் இருந்தாள். "அப்போ இதையாவது சாப்பிடுங்கக்கா."

"குடு, வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்," என்றாள் என் மனைவி. "அந்த ஒண்ணு என்னுது."

ஐந்து மணிக்கு அந்தச் சுளை வெள்ளைத் தட்டின் நடுவில் இருந்தது. நான் எதிரில் உட்கார்ந்தேன். அவள் அதை எடுத்து வாயில் வைத்துக் கண்ணை மூடினாள். சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்ந்துகொண்டிருந்தது. எனக்குத்தான் பொறுமை என்பதே கிடையாதே.

"எப்படி இருக்கு?" என்றேன்.

கண்ணைத் திறக்காமலே கையை உயர்த்தி என்னை அடக்கினாள்.

"இருங்க," என்றாள் வாய்க்குள்ளேயே. "இன்னும் முழுங்கலை."